நீல டாங்கிளும் உதறும் ஐட்லிங்கும்: மலிவு ஓபிடி ஸ்கேனர் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

காரில் செருகிப் பழுதைப் படிக்கும் ஓபிடி டாங்கிள் ஆன்லைனில் 400 ரூபாய்க்கும் இருக்கிறது, 900 ரூபாய்க்கும் இருக்கிறது. பெட்டியில் ஈஎல்எம்327 என்று போட்டிருக்கும். நீலத்திலோ கறுப்பிலோ ஒரு பிளாஸ்டிக் உடம்பு, கீழே பதினாறு பின்னுக்கான முகம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, போனில் ப்ளூடூத் இணைத்தால் போதும், செக் என்ஜின் விளக்கு ஏன் எரிகிறது என்று தெரிந்துவிடும் என்கிறார்கள் விற்பவர்கள். அது பாதி உண்மை. என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசிஎம் என்ன புகார் எழுதி வைத்திருக்கிறது என்று டாங்கிள் காட்டும். எந்தப் பொருள் கெட்டது என்று காட்டாது. இந்த வித்தியாசம் தெரிந்து வாங்கினால், இந்த விலைக்கு இதைவிட உருப்படியான கருவி கிடையாது. தெரியாமல் வாங்கினால், விளக்கு எரியும்போதெல்லாம் 'கிளியர்' அமுக்கி அணைத்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

இங்கே பேசுவது ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10 ரகப் பெட்ரோல் சின்னக் கார்களைப் பற்றி. புகார் ஒரே ஜோடிதான்: அணையாத செக் என்ஜின் விளக்கு, நின்ற இடத்தில் உதறும் ஐட்லிங். டீசலுக்கு ரெயில் பிரஷர், ஈஜிஆர், இன்ஜெக்டர் லீக்-ஆஃப் என்று வேறு கணக்கு. அதை இதில் கலக்கவில்லை.

முதலில் சரக்கைப் பற்றி. ஈஎல்எம்327 என்பது கனடாவின் ஈஎல்எம் எலக்ட்ரானிக்ஸ் செய்த சிப்பின் பெயர். முதல் பதிப்பில் உள்ளிருக்கும் புரோகிராமுக்குப் பூட்டுப் போடாமல் விட்டார்கள். அதை அப்படியே நகலெடுத்துச் சந்தையில் கொட்டியதன் தொடர்ச்சிதான் இன்று நாம் வாங்கும் மலிவு டாங்கிள்கள். பெட்டியில் 'வி1.5' என்று இருந்தால் சிரித்துக்கொள்ளலாம். அந்த நிறுவனம் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. வேடிக்கை என்னவென்றால், 1.5 என்று சொல்லிக்கொள்ளும் நகல்கள் பல ஒழுங்காக வேலை செய்கின்றன. '2.1' என்று பெருமையாக அச்சடித்து வரும் குட்டி நீல டாங்கிள்களில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பாதிக் கட்டளைகளுக்குப் பதிலே வராது, கேள்விக்குறியைத் திருப்பி அனுப்பும். விற்பனைக் குறிப்பில் 25கே80 சிப், இரட்டை போர்டு என்று இருந்தால் தேறும் வாய்ப்பு கூடுதல். நிச்சயம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த வரியையும் காப்பியடிக்கிறார்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண ப்ளூடூத் டாங்கிளை வாங்க வேண்டாம், இணையாது. ப்ளூடூத் எல்இ அல்லது வைஃபை வகைதான் வேண்டும். வைஃபை வகையில் பெரும்பாலும் ஐபி முகவரி 192.168.0.10, போர்ட் 35000. ஆண்ட்ராய்டில் இணைக்கும்போது கேட்கும் பின் நம்பர் 1234 அல்லது 0000.

வண்டிப் பக்கம்: பிஎஸ்4, பிஎஸ்6 கார்களில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. கேன் லைன் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் ஒயர் ஜோடி) வழியாகப் பேசும். சாக்கெட்டின் 6, 14-ஆம் பின்கள் அதற்கானவை. பிஎஸ்3 காலத்து வண்டியில் அதே பதினாறு பின் சாக்கெட் இருக்கும், ஆனால் கம்பெனியின் சொந்த மொழியில் பேசும். அங்கே டாங்கிள் சுற்றிச் சுற்றி 'கனெக்டிங்' என்று காட்டிவிட்டுத் தோற்கும். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. டாங்கிளில் விளக்கே எரியாமல் இருந்தால் சாக்கெட்டின் 16-ஆம் பின்னுக்கு வரும் 12 வோல்ட் ஃப்யூஸைப் பாருங்கள். சில வண்டிகளில் சார்ஜர் சாக்கெட்டுக்கும் அதற்கும் ஒரே ஃப்யூஸ்தான்.

ஆப் இரண்டு போதும். 'கார் ஸ்கேனர்' தொடங்குவதற்கு எளிது, இலவசப் பதிப்பிலேயே பெரும்பாலான வேலை முடியும். 'டார்க்' (Torque) பழையது, முகம் அழகில்லை, ஆனால் கிராஃப் போட்டுப் பதிவு செய்து வைத்துக்கொள்ள உதவும்.

கிளியர் பட்டனைத் தொடாதீர்கள்

இந்தக் கருவியில் மிக மோசமான வசதி அதுதான். அதை அமுக்கினால் கோடு (பி0302 மாதிரி ஈசிஎம் எழுதி வைக்கும் புகார் எண்) மட்டும் போவதில்லை. புகார் பதிவான நொடியில் என்ஜின் எப்படி இருந்தது என்று ஈசிஎம் எடுத்து வைத்த ஃப்ரீஸ் ஃப்ரேம் போகும், பல வண்டிகளில் பெட்ரோல் அளவைத் திருத்த மாதக்கணக்கில் சேர்த்த லாங் டிரிம் பாடமும் போகும். நோயாளியின் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போவது மாதிரி. பழுது அப்படியே இருப்பதால் விளக்கு இரண்டாவது அல்லது மூன்றாவது ஓட்டத்தில் திரும்ப வரும். பெரும்பாலான புகார்களுக்கு ஈசிஎம் அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் அதே தவறைப் பார்த்த பிறகுதான் விளக்கைப் போடுகிறது. முதல் ஓட்டத்தில் அது 'பெண்டிங்' பட்டியலில் காத்திருக்கும். தானாகச் சரியானாலும் மூன்று நல்ல ஓட்டங்கள் கழித்துத்தான் விளக்கு அணையும்.

ஆகவே செருகியதும் செய்ய வேண்டியது: சாவி ஆன், என்ஜின் ஆஃப். ஸ்டோர்ட் கோடு, பெண்டிங் கோடு, ஃப்ரீஸ் ஃப்ரேம், மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீஸ் ஃப்ரேமில் நான்கு எண்கள் முக்கியம்: ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம், லோடு, வேகம். பி0302 என்ற கோடோடு 720 ஆர்பிஎம், கூலன்ட் 34 டிகிரி, வேகம் பூஜ்யம் என்று இருந்தால் அது காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வரும் மிஸ்ஸிங், அதாவது இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. அதே பி0302, 3,100 ஆர்பிஎம், 91 டிகிரி, லோடு 85 சதவீதம் என்றால் மேம்பாலத்தில் ஏறும்போது, சூடான பிறகு, அழுத்தத்தில் காயிலோ (பிளக்குக்குக் கரண்ட் தருவது) பிளக்கோ விட்டுக்கொடுக்கிறது. கோடு ஒன்றுதான், தேட வேண்டிய இடம் வேறு. ஷெட்டில் ஸ்கேன் செய்பவர்களில் கணிசமானோர் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வீடு போகலாம். மினுக் மினுக் என்று அணைந்து எரிந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று அர்த்தம். கன்வெர்ட்டர் உருகி அடைத்துக்கொண்டால் வரும் பில்லில் இந்த மாதிரி டாங்கிள் டஜன் கணக்கில் வாங்கலாம்.

கோடின் பெயர் பொருளின் பெயர் அல்ல

பி0171 என்றால் 'சிஸ்டம் டூ லீன்'. காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. அதைச் சொன்னது ஆக்சிஜன் சென்சார் என்பதற்காக அந்தச் சென்சாரை மாற்றுவது, தீ விபத்தைச் சொன்ன ஆளைக் கைது செய்வது போலத்தான். பி0420 வந்ததும் கன்வெர்ட்டர் போச்சு என்பதும் அதே அவசரம். சைலன்சர் மேனிஃபோல்டில் ஒரு சின்ன லீக் இருந்தாலும், நாளாக மிஸ்ஸிங் ஓடியிருந்தாலும் அந்தக் கோடு வரும். இன்னொன்று: மிஸ்ஸிங் கோடும் லீன் கோடும் சேர்ந்து வந்தால் பல நேரம் மிஸ்ஸிங்கைச் சரி செய்தாலே இரண்டும் போகும். எரியாத சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் அப்படியே வெளியே வருகிறது. சென்சார் அதைப் பார்த்து 'லீன்' என்று எழுதுகிறது. பெட்ரோல் ஏற்கெனவே அங்கே போதுமான அளவு இருந்திருக்கும்.

பி0301 முதல் பி0304 வரை சிலிண்டர் எண்ணோடு வரும் கோடுகள்தான் இந்த டாங்கிளுக்குக் கிடைத்த வரம். காசு செலவில்லாமல் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. பி0302 என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் ஆறட்டும், அலுமினிய ஹெட்டில் சூட்டோடு பிளக் கழற்றினால் மரை போகும். சாவி ஆஃப். வரிசை என்ஜினில் முதல் சிலிண்டர் பொதுவாக டைமிங் செயின் பக்கம், கியர்பாக்ஸுக்கு எதிர்முனை. அங்கிருந்து இரண்டாவது காயில். கப்ளர் பூட்டை அமுக்கிக் கழற்றி, போல்ட்டை எடுத்துவிட்டு (பெரும்பாலும் 10-ஆம் நம்பர் ஸ்பேனர்தான்), காயிலை இடமும் வலமும் லேசாகத் திருகி மேலே இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் ரப்பர் பூட் கிழிந்து உள்ளேயே தங்கும். வெளியே வந்ததும் டார்ச் அடித்துப் பூட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். பென்சிலால் கோடு இழுத்தது போலக் கறுப்பு அல்லது சாம்பல் தடம் மேலிருந்து கீழே ஓடினால், கரண்ட் பிளக்கின் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் குதித்துக்கொண்டிருக்கிறது. பிளக் குழியில் ஆயில் தேங்கி நின்றால் டேப்பெட் கவரின் டியூப் சீல் போயிருக்கிறது. அதை மாற்றாமல் புது காயில் போட்டால் அதுவும் ஊறிப் போகும்.

தடம் எதுவும் தெரியவில்லை என்றால் இரண்டாவது காயிலை மூன்றிலும், மூன்றாவதை இரண்டிலும் போடுங்கள். இப்போதுதான் கிளியர் அமுக்கும் நேரம். பதினைந்து இருபது நிமிடம் ஓட்டி, கடைசியில் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டுப் பெண்டிங் பக்கத்தைப் பாருங்கள். கோடு பி0303 ஆக மாறியிருந்தால் காயில்தான். பி0302-லேயே நின்றால் காயில் சுத்தம். அடுத்து இதே போல் பிளக்கை மாற்றிப் போடுங்கள், அதன் பிறகு இன்ஜெக்டர். மூன்றையும் மாற்றியும் கோடு நகரவில்லை என்றால் கம்ப்ரஷன் கேஜ் தேவை. அந்த இடத்தில் டாங்கிளின் வேலை முடிந்தது. ஒரு எச்சரிக்கை: என்ஜின் ஓடும்போது காயில் கப்ளரைப் பிடுங்கிச் சோதிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது எரியாத பெட்ரோலைக் கன்வெர்ட்டருக்கு அனுப்பும். சிலிண்டரை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றால் இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றுவதே சரி.

பிளக் மாட்டும்போது வாஷர் உள்ள புதுப் பிளக் என்றால் கையால் முழுதும் இறுகிய பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று போதும். என்ஜிகே பிளக் எண்ணின் கடைசியில் 11 என்றிருந்தால் இடைவெளி 1.1 மி.மீ., 10 என்றால் 1.0. இரிடியம் பிளக்கின் ஊசி முனையை நெம்பி இடைவெளி சரி செய்யப் போய் உடைத்துவிடாதீர்கள்.

எல்லா வண்டியும் சிலிண்டர் எண்ணைச் சொல்லாது. வெறும் பி0300 மட்டும் வந்தால் ஆப்பில் 'மோட் 06' (ஈசிஎம்மின் சுயசோதனை முடிவுகள்) பக்கத்துக்குப் போங்கள். கேன் வண்டிகளில் ஏ2 முதல் ஏ5 வரை நாலு சிலிண்டருக்கும் தனித்தனி மிஸ்ஸிங் எண்ணிக்கை இருக்கும். மூன்றில் பூஜ்யம், ஒன்றில் 140 என்றால் விஷயம் முடிந்தது. நாலிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் காயிலை விட்டுவிட்டு எல்லோருக்கும் பொதுவானதைத் தேட வேண்டும்: காற்று, பெட்ரோல் பிரஷர், கலப்பட பெட்ரோல். மட்டமான நகல்களில் இந்தப் பக்கம் வெறுமையாகவோ அரைகுறையாகவோ வரும். நீளமான பதிலைச் சேர்த்துப் படிக்க அவற்றால் முடியாது.

டிரிம் எண்கள்: இங்கேதான் காசுக்கு மதிப்பு

கோடு படிக்க எல்லாரிடமும் ஸ்கேனர் இருக்கிறது. வண்டி ஓடும்போது ஷார்ட் டிரிம் (பெட்ரோல் அளவில் உடனுக்குடன் செய்யும் திருத்தம்), லாங் டிரிம் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருக்க முடிவதுதான் இந்தச் சின்ன டப்பாவின் உண்மையான பலம். லாங் டிரிம் பிளஸ் 12 என்றால், ஈசிஎம் தன் கணக்கைவிட 12 சதவீதம் கூடுதல் பெட்ரோல் ஊற்றித்தான் கலவையைச் சமன் செய்கிறது. மைனஸ் என்றால் குறைக்கிறது. ஷார்ட், லாங் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஐந்துக்குள் இருந்தால் நிம்மதி. பத்தைத் தாண்டினால் தேட ஆரம்பிக்கலாம். இருபது, இருபத்தைந்தை ஒட்டும்போதுதான் பெரும்பாலான வண்டிகளில் பி0171 விழும். அதாவது விளக்கு எரிவதற்கு எத்தனையோ நாள் முன்பே இந்த எண் பேச ஆரம்பித்திருக்கும்.

என்ஜின் நன்றாகச் சூடாகட்டும், கூலன்ட் 85 டிகிரியைத் தாண்டட்டும். ஏசி ஆஃப். ஐட்லிங்கில் ஒரு நிமிடம், பிறகு 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து ஒரு நிமிடம். இரண்டு இடத்திலும் எண்ணைக் குறியுங்கள். ஐட்லிங்கில் பிளஸ் 20, 2,500-ல் பிளஸ் 4 என்றால் எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது: இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட், பிசிவி ஹோஸ் (என்ஜினின் உள்புகையைத் திருப்பி இழுக்கும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ். ஐட்லிங்கில் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் அந்த ஓட்டை பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் ஏறினால் கரைந்துவிடும். தலைகீழாக, ஐட்லிங்கில் சாதாரணமாக இருந்து, லோடில் பிளஸ் ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ.

இந்தப் பாடம் இணையத்தில் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆனால் அது மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்கு எழுதியது. நம்மூர்ச் சின்னப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் அந்தச் சென்சார் கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். ஆப்பில் 'எம்ஏஎஃப்' மதிப்பு வராமல் 'இன்டேக் மேனிஃபோல்ட் பிரஷர்' மட்டும் வந்தால் உங்களுடையது இந்த வகை. இதில் திருட்டுக் காற்று நுழைந்தால் அழுத்தம் கூடும், ஈசிஎம் அதையும் கணக்கில் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றிவிடும். டிரிம் பெரிதாக அசையாது. அதற்குப் பதில் ஐட்லிங் ஏறும், பி0507 வரும், அல்லது ஓட்டைக்குப் பக்கத்துச் சிலிண்டர் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும். டிரிம் நன்றாக இருக்கிறது, ஆகவே லீக் இல்லை என்று இந்த வண்டிகளில் முடிவு கட்டக் கூடாது.

மேப் சென்சாரையே சோதிக்க எளிய வழி: சாவி ஆன், என்ஜின் ஆஃப். அப்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். சென்னையில் 100, 101 கிலோபாஸ்கல். கோவையில் 96, 97. ஊட்டியில் 77 பக்கம். சென்னையில் நிற்கும் வண்டி 90 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. ஸ்டார்ட் செய்து சூடான ஐட்லிங்கில், ஏசி இல்லாமல், 30-லிருந்து 40-க்குள் நின்றால் என்ஜின் ஒழுங்காக இழுக்கிறது. 45, 50 என்று நின்று உதறினால் லீக், டைமிங் தள்ளல், கம்ப்ரஷன் குறைவு இவற்றில் ஒன்று. மறுபக்கம், மேப் வண்டியில் டிரிம் பெரிய பிளஸில் நின்றால் பெட்ரோல் பிரஷர், அடைத்த இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் லீக் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

லீக் தேட கார்பரேட்டர் கிளீனரைச் சூடான என்ஜின் மேல் அடிப்பவர்கள் உண்டு. தீப்பிடிக்கும் வேலை அது. சோப்பு நீரைப் பீச்சாங்குழலில் கேஸ்கெட் ஓரமாகப் பீய்ச்சினால் போதும். ஓட்டையில் நீர் படும் நொடியில் ஐட்லிங் மாறும், ஆப்பில் ஆர்பிஎம் கிராஃபில் சின்னப் பள்ளம் விழும். காயில், கப்ளர் பக்கம் மட்டும் நனைக்காதீர்கள். பெட்ரோல் நிரப்பி வந்த பிறகு மட்டும் உதறல் வருகிறது என்றால் டேங்க்கின் பெட்ரோல் ஆவியை என்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கலாம். அதிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸைக் கையால் நசுக்கிப் பிடித்தால் ஐட்லிங் அடங்குகிறதா பாருங்கள்.

எண்களைப் படிக்கும்போது எரிபொருளையும் கணக்கில் வையுங்கள். சுத்தப் பெட்ரோலுக்குச் சரியான காற்று விகிதம் 14.7. பத்து சதவீதம் எத்தனால் கலந்த இ10-க்கு சுமார் 14.1, இ20-க்கு 13.5 பக்கம். இ10-லிருந்து இ20-க்கு மாறினால் டிரிம் நான்கைந்து சதவீதம் பிளஸ் பக்கம் நகர்வது கலவையின் குணம், பழுதில்லை. வெளியில் பொருத்திய சிஎன்ஜி கிட் உள்ள வண்டியில் இன்னும் குழப்பம். சிஎன்ஜி ட்யூனிங் சரியில்லை என்றால் ஈசிஎம் அந்தத் தவறை லாங் டிரிமில் கற்றுக்கொண்டு, பெட்ரோலுக்கு மாறியதும் அதே தவறைச் செய்யும். இரண்டு எரிபொருளிலும் தனித்தனியாக எண் எடுத்தால்தான் பழுது கிட்டிலா என்ஜினிலா என்று பிரியும்.

டாங்கிளுக்குத் தெரியாதவை

கோடே இல்லாமல் உதறும் வண்டிகள்தான் அதிகம். அவற்றில் பெரும்பங்கு, என்ஜினுக்குக் காற்றை விடும் ட்ராட்டில் பாடியில் படியும் கரி. தகட்டின் விளிம்பில் கறுப்பாகப் பசை படிந்து, ஐட்லிங்குக்கான மெல்லிய காற்று இடைவெளியை அடைக்கிறது. ஏசி போட்டவுடன் என்ஜின் துவண்டு எழுவது இதன் அடையாளம். சாவி ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவ் கழற்றி, ட்ராட்டில் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். எலக்ட்ரானிக் ட்ராட்டிலில் உள்ளே பீய்ச்சி ஊற்றக் கூடாது. தகட்டை விரலால் தள்ளினால் மெதுவாகத் தள்ளி மெதுவாக விட வேண்டும். படாரென்று விட்டால் பிளாஸ்டிக் பல்சக்கரம் போகும். துடைத்த பிறகு ஐட்லிங் சில நேரம் 1,200-க்கு மேல் நிற்கும், ஈசிஎம் பழைய கரியின் கணக்கிலேயே தகட்டைத் திறக்கிறது. பல வண்டிகள் ஓடி ஓடித் தாமாகக் கற்றுக்கொள்ளும். கற்காதவற்றுக்கு 'ட்ராட்டில் ரீலேர்ன்' கட்டளை வேண்டும். மலிவு டாங்கிளும் பொது ஆப்பும் அதைத் தராது. கம்பெனி ஸ்கேனரோ, வெளி ஷெட்களில் உள்ள லாஞ்ச், ஆட்டெல் வகையோதான் வழி.

ஆர்பிஎம் கிராஃப் கோடு போட்டது மாதிரி நேராக, இருபது முப்பதுக்குள் அசைகிறது, ஆனால் சீட்டும் கண்ணாடியும் அதிர்கின்றன என்றால் என்ஜின் நன்றாக எரிகிறது. மவுண்டிங் ரப்பர்தான் கிழிந்திருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டி டி-யில் பிரேக் பிடித்து நிற்கையில் அதிர்ந்து, நியூட்ரலில் அடங்கினால் இன்னும் உறுதி. டாங்கிள் இங்கே 'இல்லை' என்று சொல்வதே பெரிய உதவி: தேவையில்லாத பிளக், காயில் செலவு மிச்சம். மூன்று சிலிண்டர் என்ஜின்களில் ஓரளவு நடுக்கம் பிறவிக் குணம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆக்சிஜன் சென்சார் கிராஃபை மலிவு டாங்கிளில் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். முன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே சடசடவென்று மாறும். நொடிக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் படிக்கும் கருவியில் அது சோம்பலாகத் தெரியும். திரையில் பத்து அளவுகளைத் திறந்து வைத்தால் ஒவ்வொன்றும் இன்னும் தாமதம். ஒரு நேரத்தில் மூன்று போதும். வோல்ட்டேஜ் அளவையும் அப்படியே நம்ப முடியாது. டாங்கிள் தன் காலில் அளப்பது அது, சில பத்தில் ஒரு பங்கு வோல்ட் தள்ளியே காட்டும். சார்ஜிங் 13.5-க்குக் கீழே காட்டினால் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து உறுதி செய்த பிறகுதான் ஆல்டர்னேட்டர் மேல் சந்தேகப்பட வேண்டும். மைனஸ் 40 டிகிரி என்று கூலன்ட்டோ இன்டேக் காற்றோ காட்டினால் அது மட்டும் டாங்கிளின் பொய்யில்லை. அந்த சென்சாரின் கப்ளர் கழன்றிருக்கிறது அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. எலி கடிக்கும் ஊர்களில் முதலில் அதையே பாருங்கள்.

பழைய கார் வாங்கப் போகும்போது இந்த டப்பா தன் விலையை ஒரே நாளில் எடுத்துவிடும். சாவி ஆன் செய்ததும் செக் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி ஆனில் எரியவே இல்லை என்றால் விளக்கு கெட்டிருக்கலாம், அல்லது யாரோ முடக்கியிருக்கலாம். பிறகு ஆப்பில் 'கோடு அழித்த பின் ஓடிய தூரம்' என்ற அளவைத் திறங்கள். அறுபதாயிரம் ஓடிய வண்டியில் அது 9 கி.மீ. என்று காட்டினால், நீங்கள் வருவதற்கு முன் யாரோ கிளியர் அமுக்கியிருக்கிறார்கள்.

ஐட்லிங் உதறலும் விளக்கும் மட்டுமே புகார் என்றால், கட்டளைக்கெல்லாம் பதில் தரும் நகல் ஒன்றே போதும். ஐந்துக்கு மூன்றரை தரலாம். வாரத்துக்கு நாலு வண்டி பார்க்கும் மெக்கானிக்குக்கு இது போதாது, வேகமும் நம்பகமும் இல்லை. வீலிங்கர், ஓபிடிலிங்க் வகைகள் பல மடங்கு விலை, ஆனால் கிராஃப் நிஜமான வேகத்தில் ஓடும், பாதியில் இணைப்பு அறுவதில்லை. ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளுக்காக மலிவு டாங்கிள் வாங்குவது வீண்.

வேலை முடிந்ததும் கழற்றி டாஷ்போர்டில் போட்டுவிடுங்கள். 16-ஆம் பின்னில் எப்போதும் கரண்ட் உண்டு. சாவி எடுத்தாலும் டாங்கிள் 40 மில்லி ஆம்பியர் வரை குடிக்கும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சின்னக் காரை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு ஊருக்குப் போனால், திரும்பி வந்து தள்ள வேண்டியிருக்கலாம்.

வாங்கிய அன்றே ஒரு சோதனை: இணைத்ததும் ஆப்பில் சேஸிஸ் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். பதினேழு எழுத்தும் முழுதாக வந்து ஆர்சி புத்தகத்தோடு பொருந்தினால், நீளமான பதில்களை அதனால் படிக்க முடிகிறது, மோட் 06-உம் பெரும்பாலும் வரும். பாதியில் வெட்டுப்பட்டோ குப்பையாகவோ வந்தால், இன்னொரு வண்டியில் ஒருமுறை பார்த்துவிட்டு, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பெட்டியைக் கட்டிவிடுங்கள்.